கூர்மூலை இல்லாத வீடு

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணிக்கு,

கட்டெறும்பு எழுதுகிறேன். நானும் உங்கள் மாப்பிள்ளையும் பாப்பாவும் சௌக்கியம். நீங்களும் அண்ணனும் எப்படி இருக்கிறீர்கள்? விடுதியிலிருந்து பெரியவள் ஒழுங்காகப் பேசுகிறாளா? இதையெல்லாம் போனிலேயே கேட்கலாம்தான். ஆனால் நாம் இருவரும் போனில் "சாப்டீங்களா"வைத் தாண்டுவதற்குள் அண்ணன் வாங்கி, "சரி வை, அவளுக்கு வேலை கிடக்கு" என்று துண்டித்துவிடுகிறார். நமக்குக் கடிதம்தான் லாயக்கு.

ஒரு சேதி. நான் வகுப்புக்குப் போகிறேன். சிரிக்காதீர்கள். ஃபெங் சுயி வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை மட்டும். கடைக்குத் திரைச்சீலை தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் இப்போதெல்லாம் துணியைத் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை. "வடக்கு ஜன்னலுக்கு என்ன கலர் ஆகும்?" என்கிறார்கள். தெரியாது என்றால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுகிறார்கள். சரி, நாமும் கற்றுக்கொள்வோம் என்று போய் உட்கார்ந்துவிட்டேன்.

ஒன்றும் கம்ப சூத்திரமில்லை. நல்ல சக்தி வாசல் வழியாக உள்ளே வருகிறதாம். 'ச்சி' என்று அதற்குப் பெயர். நம் வாயில் அது வேறு மாதிரி ஒலிக்கிறது என்று வாத்தியாரே சிரித்தார். அது வருகிற வழியில் நாம் எதையாவது போட்டு அடைத்துவைக்கக் கூடாது, அவ்வளவுதான். வாசலுக்கு நேரே செருப்பு அலமாரி ஆகாது. இருட்டு மூலை ஆகாது, அங்கே ஒரு விளக்கு போட வேண்டும். மேஜையின் கூர்மூலை உட்காருகிறவர்களைக் குத்துகிற மாதிரி நீட்டிக்கொண்டிருந்தால் அதை விஷ அம்பு என்கிறார்கள். படுத்தபடியே அறைக்கதவு தெரிய வேண்டும், ஆனால் கால் அதற்கு நேராக நீளக் கூடாது.

உங்கள் கட்டில் கதவுக்கு நேராகத்தானே கிடக்கிறது? எனக்கு ஞாபகம் இருக்கிறது. இந்த வாரமே திருப்பிப் போடுங்கள். சோபாவையும் ஜன்னலடியிலிருந்து எடுத்து எதிர்ச்சுவரில் சாத்துங்கள். அப்புறம் பாருங்கள், அண்ணனின் பள்ளி வண்டி ஒன்று மூன்றாகும்.

என் புதுக் கடைத் திறப்புக்கு நீங்கள் இருவரும் வராத கோபம் இன்னும் ஆறவில்லை என்பதையும் இத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். ராத்திரிப் பயணம் ஒத்துக்கொள்ளவில்லையாம். ஊரையே ஏற்றி இறக்குகிற டிரைவருக்கு!

அண்ணனுக்கு என் வணக்கம். உங்களுக்கு முத்தம்.
கட்டெறும்பு


பிப்ரவரி 21

அன்புள்ள கட்டெறும்புக்கு,

உன் கடிதம் வந்தது. இங்கே இருவரும் நன்றாக இருக்கிறோம். பெரியவள் வாரம் ஒரு முறை பேசுகிறாள். பாப்பாவுக்குப் பல் விழுந்ததா? மாப்பிள்ளையின் முதுகுவலி தேவலையா?

உன் பாடத்தில் பாதியை நாங்கள் எப்போதோ முடித்துவிட்டோம். செருப்பு அலமாரியைப் போன வருடமே பின்கட்டுக்குத் தள்ளியாயிற்று. மூலைக்கு மூலை பெரிய பல்பு எரிகிறது. பக்கத்து வீட்டுக்காரர் "என்ன, கல்யாண வீடா?" என்று கேட்கிறார். நடுக்கூடத்தில் இருந்த சின்ன மேஜையையும் தூக்கியாயிற்று. வழி சுத்தம். உன் சக்தி தாராளமாக வரலாம்.

கட்டில் மட்டும் இருக்கிற இடத்தில் இருக்கட்டும். சோபாவும் அப்படியே. உன் அண்ணனுக்கு அது பழகிவிட்டது. நீ எழுதியதைப் படித்துக் காட்டினேன். "அவ கடைக்கு வர்றவங்கள ஏமாத்தட்டும், என் கட்டில விட்டுடச் சொல்லு" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

நான் மருந்துக்கடை வேலையை விட்டுவிட்டேன். காலையும் மாலையும் வண்டியில் கூடப் போகிறேன். பிள்ளைகளை ஏற்றி இறக்க ஒரு ஆள் இருந்தால் நல்லதுதானே. நின்று நின்று காலும் வலித்தது. அதனால்தான்.

கடைத் திறப்புக்கு வராதது தப்புதான். இன்னொரு நல்ல நாளில் வருகிறோம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அண்ணி


மார்ச் 5

அன்புள்ள அண்ணிக்கு,

நாங்கள் நலம். பாப்பாவுக்கு முன்பல் இரண்டும் போய், இப்போது சிரித்தால் ஜன்னல் திறந்த மாதிரி இருக்கிறது. மாப்பிள்ளையின் முதுகு அப்படியேதான்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மருந்துக்கடை வேலையை விட்டீர்களா? நீங்களா? எந்த டாக்டரின் கிறுக்கலையும் ஒரே பார்வையில் படித்துவிடுவீர்கள் என்று முதலாளியே உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் "மேடம்" என்பார். அதை விட்டுவிட்டுப் பிள்ளைகளின் தண்ணீர்ப் பாட்டிலைச் சுமக்கப் போயிருக்கிறீர்கள். கால் வலித்ததாம். வண்டியில் நூறு தடவை ஏறி இறங்கினால் வலிக்காதா? அண்ணன் சம்பள ஆள் வைக்காமல் உங்களை இழுத்துவிட்டாரா? அப்படியென்றால் சொல்லுங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.

கட்டில் விஷயத்தில் அண்ணன் பிடித்த முயலுக்கு மூன்றே கால். விடுங்கள், அவர் வண்டியில் போயிருக்கும்போது நீங்களே திருப்பிப் போட்டுவிடுங்கள். வந்து பார்த்தால் ஒரு நாள் முணுமுணுப்பார், இரண்டாம் நாள் மறந்துவிடுவார்.

நடுக்கூடத்தை மொட்டையாக விட்டதும் சரியில்லை. வீட்டின் நடு, உடம்புக்கு வயிறு மாதிரி என்கிறார் வாத்தியார். அங்கே வட்டமாக ஒன்று இருக்க வேண்டும். நான் ஒரு மேஜை பார்த்துவைத்திருக்கிறேன். முழுக்கக் கண்ணாடி, கால்கூடக் கண்ணாடி. மூலையே கிடையாது. வழியை மறைக்காது, இருப்பதே தெரியாது. கடைத் திறப்புக்கு நீங்கள் வராததற்குத் தண்டனையாக நானே அனுப்புகிறேன்.

இன்னொன்று. வகுப்பில் எல்லோரும் ஆளுக்கொரு வீட்டு வரைபடம் கொண்டுவர வேண்டும். என் வீடு தீப்பெட்டி, அதில் வரைய ஒன்றுமில்லை. உங்கள் வீட்டை எந்தெந்தச் சாமான் எங்கே என்று வரைந்து அனுப்புங்கள்.

அன்புடன்
கட்டெறும்பு


மார்ச் 16

அன்புள்ள கட்டெறும்புக்கு,

எல்லோரும் நலம்தானே?

மேஜை அனுப்பாதே. வேண்டாம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. உண்மையிலேயே வேண்டாம். வாங்கிவிட்டிருந்தால் உன் கடையிலேயே போட்டுக்கொள். கட்டிலைப் பற்றியும் இனி எழுதாதே. தயவுசெய்து.

வரைபடம் பிறகு அனுப்புகிறேன். இப்போது நேரமில்லை.
அண்ணி


ஏப்ரல் 12

அன்புள்ள அண்ணிக்கு,

எப்படி இருக்கிறீர்கள்? அண்ணன் எப்படி? இந்த வரியை இந்தத் தடவை சம்பிரதாயத்துக்கு எழுதவில்லை, நிஜமாகவே கேட்கிறேன்.

உங்கள் கடிதம் என் கைக்கு வருவதற்கு முன்பே மேஜை லாரி ஏறிவிட்டது. உங்களுக்கு அதிர்ச்சி கொடுக்க வேண்டும் என்று, நேராக நடுக்கூடத்திலேயே இறக்கி வைக்கச் சொல்லியிருந்தேன். இறக்கிவிட்டுக் கையெழுத்து வாங்கிவிட்டதாகக் கம்பெனிக்காரன் சொல்லி மூன்று வாரம் ஆகிறது. உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை.

பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று எழுதலாமே. நான் என்ன தூக்கிலா தொங்கப்போகிறேன்? போன் செய்தால் அண்ணன் எடுக்கிறார். "அண்ணி தூங்குறா" என்றார். பட்டப்பகலில் நீங்கள் தூங்கி நான் பார்த்ததே இல்லை. "மேஜை எப்படியிருக்கு?" என்றேன். "ம், இருக்கு" என்றார். இருக்கு என்றால் என்ன அர்த்தம்?

நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா, அண்ணி? எழுதியிருந்தால் காதைத் திருகுங்கள். பேசாமல் மட்டும் இருக்காதீர்கள்.

பதிலை எதிர்பார்க்கும்
கட்டெறும்பு


மே 4

அன்புள்ள கட்டெறும்புக்கு,

தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே. இங்கே நலம். பாப்பாவுக்குப் புதுப் பல் முளைக்கிறதா?

உன் மேஜை அழகாகத்தான் இருந்தது. ஆனால் உடைந்துவிட்டது. துடைக்கும்போது என் கை தவறிவிட்டது. ஆசையாக அனுப்பினாய், எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் நாள் கடத்தினேன். உன் அண்ணனுக்கும் முழங்காலுக்குக் கீழே லேசான காயம், சில தையல் போட்டார்கள். இப்போது ஆறிவிட்டது. வண்டிக்குப் போகிறார். ஒரு நாள்கூட லீவு போடவில்லை.

நீ கேட்ட வரைபடம் இத்துடன் இருக்கிறது. அளவெடுத்து ஒழுங்காக வரைந்திருக்கிறேன். மேஜையை உடைத்ததற்கு ஈடாக வைத்துக்கொள். வாத்தியாரிடம் நல்ல பேர் வாங்கு.

கட்டில் பழைய இடத்தில்தான் இருக்கிறது. அதை மட்டும் கேட்காதே.
அண்ணி


ஜூன் 2

அண்ணிக்கு,

நலம் விசாரிப்பைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். முதலில் இதைப் படியுங்கள்.

போன ஞாயிறு உங்கள் வரைபடத்தைக் கொண்டுபோனேன். வாத்தியார் பார்த்துவிட்டுப் பலகையிலேயே ஒட்டிவிட்டார். "வகுப்புக்கே வராத ஒருத்தங்க நம்ம எல்லாரையும் விட நல்லா போட்டிருக்காங்க, பாருங்க" என்றார். வாசலிலிருந்து அடுப்படி வரை ஒரு சாமான் இல்லை. மேஜை நாற்காலி எல்லாம் சுவரோடு சுவராக. மூலைகளுக்குத் துணி சுற்றியிருப்பதாகக்கூடக் குறித்திருந்தீர்கள். விஷ அம்பு ஒன்று கிடையாது. எனக்குத் தலைகால் புரியாத பெருமை. "எங்க அண்ணி" என்று இரண்டு தடவை சொன்னேன்.

எங்கள் வகுப்பில் ஒரு நர்ஸ் அம்மா இருக்கிறார். கண் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அதிகம் பேச மாட்டார். இடைவேளையில் எல்லோரும் டீக்குப் போன பிறகும் அவர் பலகை முன்னாலேயே நின்றுகொண்டிருந்தார். நான் போனதும் மெதுவாகக் கேட்டார்:

"இந்த வீட்டுல யாருக்குக் கண்ணு தெரியாது?"

நான் சிரித்தேன், அண்ணி. யாருக்கும் ஒன்றுமில்லை, என் அண்ணன் வண்டியே ஓட்டுகிறார் என்றேன். அவர் சிரிக்கவில்லை. வரைபடத்தில் விரலை வைத்துக் காட்டினார். "பாதி தொறந்த கதவு ஒண்ணுகூட இல்ல பாரும்மா. ஒவ்வொரு கதவுக்கும் பக்கத்துல 'எப்பவும் முழுசாத் தொறந்தே', 'எப்பவும் சாத்தியே'ன்னு எழுதியிருக்காங்க. பக்கப் பார்வை போனவங்க மொதல்ல மோதுறது பாதி தொறந்த கதவுலதான். கட்டில்லேருந்து பாத்ரூம் வரைக்கும் சுவத்துல கம்பி வேற போட்டிருக்கு" என்றார்.

நான் டீ குடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து உங்கள் கடிதங்களை எல்லாம் எடுத்து வரிசையாக வைத்துப் படித்தேன். மூலைக்கு மூலை பல்பு. கட்டிலை நகர்த்தாதே. சோபாவை நகர்த்தாதே. மேஜை அனுப்பாதே. ராத்திரிப் பயணம் ஒத்துக்கொள்ளவில்லை. துடைக்கும்போது உங்கள் கை தவறியது, தையல் மட்டும் அண்ணன் காலில். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறீர்கள். நானும் கிளறிப் பார்க்காமல் அந்தச் சோற்றை வாரித் தின்றிருக்கிறேன்.

அண்ணனுக்குக் கண் தெரிகிறதா, இல்லையா?

தெரியவில்லை என்றால், தினமும் காலையில் வண்டி நிறையப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவது யார்?

உடனே எழுதுங்கள். நீங்கள் நலமா?
கட்டெறும்பு


ஜூன் 24

அன்புள்ள கட்டெறும்புக்கு,

மூன்று முறை எழுதிக் கிழித்துப் போட்டேன். இது நான்காவது. இதையும் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிட வேண்டும்.

உன் அண்ணனுக்குக் கண் தெரியும். நேராகப் பார்த்தால் எல்லாம் தெரியும். பேப்பர் படிக்கிறார். எனக்கு ஊசியில் நூல் கோத்துத் தருகிறார். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை, முதலில் எனக்கும் வரவில்லை. பக்கம்தான் இல்லை. குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி என்றார் டாக்டர். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு போயிருக்கிறதாம். போனது திரும்பாது. சொட்டு மருந்தால் மிச்சத்தைக் காப்பாற்றலாம். ஒரு வேளைகூடத் தவறாமல் நான் விடுகிறேன்.

வண்டி ஓட்டக் கூடாது என்றும் சொன்னார். வெளியே வந்து உன் அண்ணன், "அந்த ஆளு என் வண்டியில ஒரு நாள் உக்காந்து பாத்திருக்கானா?" என்று கேட்டார். அவ்வளவுதான், அதற்குப் பிறகு அந்தப் பேச்சு வீட்டில் இல்லை. நான் மருந்துக்கடை வேலையை விட்டேன். அவரும் ஏன் என்று கேட்கவில்லை.

நான் முன்சீட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வருகிறேன். "லெஃப்ட்ல சைக்கிள். ரைட்டு காலி. இப்ப திரும்பலாம்." ஒரு நொடிகூடக் கண்ணை எடுக்க மாட்டேன். பிள்ளைகள் அதை விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு பின்னாலிருந்து கூடவே கத்துகிறார்கள். "ரைட்டு காலி! ரைட்டு காலி!" உன் அண்ணன் சிரிப்பார். இதுவரை ஒரு கீறல் விழுந்ததில்லை.

வீட்டில் எல்லாம் அவருக்கு மனப்பாடம். அதனால்தான் கட்டிலைப் பற்றி எழுதாதே என்றேன். மேஜை வந்த அன்று நான் பெரியவளுக்குப் பணம் கட்ட பேங்க்குக்குப் போயிருந்தேன். உன் அண்ணன் வாசலிலேயே கையெழுத்துப் போட்டிருக்கிறார், எங்கே இறக்கினார்கள் என்று பார்க்கவில்லை. கூடத்தில் எதிர்வெளிச்சம், மேஜை கண்ணாடி வேறு. நேராகப் போய் விழுந்திருக்கிறார். நான் வந்தபோது தரையில் உட்கார்ந்து, கண்ணாடித் துண்டுகளைக் கையால் தடவித் தடவிப் பொறுக்கிக்கொண்டிருந்தார். நீ நல்லதை நினைத்துத்தான் அனுப்பினாய். உன்மேல் தப்பில்லை.

பெரியவள் படிப்பு முடிய இன்னும் ஒரு வருடம். அதுவரைதான். இளவயதிலிருந்து அவருக்கு இந்த ஸ்டியரிங்கைத் தவிர வேறு எதுவும் தெரியாது. அதையும் பிடுங்கிவிட்டால் அவர் சோபாவில் உட்கார்ந்து என்ன செய்வார், சொல்லு.

யாரிடமும் சொல்லாதே. மாப்பிள்ளையிடம்கூட. நான் பக்கத்தில் இருக்கிறேன்.
அண்ணி


ஜூலை 3

அன்புள்ள அண்ணிக்கு,

கடையை மூடிவிட்டு அழுதேன். அண்ணன் தரையில் உட்கார்ந்து தடவிக்கொண்டிருந்ததை நினைத்தால் இப்போதும் எழுத முடியவில்லை. நான் அனுப்பிய சனியன் அது. என்மேல் தப்பில்லை என்று நீங்கள் சொல்வது உங்கள் பெரிய மனசு.

ஆனாலும் அண்ணி, இதை நிறுத்துங்கள்.

பாப்பாவும் ஒரு பள்ளி வண்டியில்தான் போகிறாள். நேற்றுக் காலை அந்த டிரைவரிடம் போய், "உங்களுக்குக் கண்ணு நல்லா தெரியுமில்ல?" என்று கேட்டுவிட்டேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார். அவர், "ஏம்மா, உங்க பொண்ணு மூக்குல மை ஒட்டியிருக்கு, தொடைச்சு விடுங்க" என்றார். அதைக் கேட்டதும் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? உங்கள் வண்டியில் ஏறுகிற பிள்ளைகளுக்கும் அம்மாக்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இப்படிக் கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

பக்கத்தில் இருக்கிறேன் என்கிறீர்கள். உங்களுக்கு ஒரு தும்மல் வந்தால்? கண்ணில் ஒரு தூசி விழுந்தால்? பின்சீட்டில் ஒன்று வாந்தி எடுத்து நீங்கள் திரும்பிப் பார்த்தால்? இதுவரை கீறல் விழவில்லை என்பது ஒரு கணக்கா?

பெரியவள் படிப்பு என் பொறுப்பு. நான் சும்மா வாய்வார்த்தைக்குச் சொல்கிறவள் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். அண்ணன் இங்கே வந்து கடையில் உட்காரட்டும். நேராகப் பார்க்கிறவருக்குத் துணி அளந்து வெட்டத் தெரியாதா? அவரிடம் எப்படிச் சொல்லப்போகிறீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். வேண்டுமானால் நான் வந்து சொல்கிறேன்.

பள்ளித் தலைமையாசிரியைக்கு ஒரு கடிதம் எழுதி, உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். தபாலில் போடவில்லை. தையல் மிஷின் மேலேயே இருக்கிறது, ஒவ்வொரு தடவை குனியும்போதும் என் முகத்தைப் பார்க்கிறது. உங்கள் பதில் வராவிட்டால் போட்டுவிடுவேன். கூடப்பிறந்தவனைக் காட்டிக்கொடுத்தாள் என்று ஊர் சொல்லட்டும். நீங்களும் சொல்லுங்கள். என்னால் இதைத் தெரிந்துவைத்துக்கொண்டு தூங்க முடியவில்லை.

உங்கள்
கட்டெறும்பு


ஜூலை 22

அண்ணிக்கு,

பதில் இல்லை. போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, யாரும் எடுப்பதில்லை. பெரியவளிடம் கேட்டேன், "நல்லாத்தான் இருக்காங்க அத்தை, ஏன்?" என்கிறாள். அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.

இன்று காலை பள்ளிக்கு எழுதியதைப் பெட்டியில் போட்டுவிட்டேன். போட்டுவிட்டுக் கையைத் திரும்ப உள்ளே விட்டுப் பார்த்தேன், எட்டவில்லை. சாயங்காலம் வரை அந்தப் பெட்டி இருக்கும் தெருப் பக்கமே போகவில்லை.

ஒளித்துச் செய்தேன் என்று இருக்கக் கூடாது, அதனால் உங்களுக்கும் எழுதுகிறேன். அண்ணனிடம் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். பள்ளியில் யாரோ சொல்லி அவர் தெரிந்துகொள்ள வேண்டாம்.

உடம்பு எப்படி இருக்கிறது, அண்ணி?
கட்டெறும்பு


ஆகஸ்ட் 6

கட்டெறும்புக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க மனம் வரவில்லை. நீயும் எதிர்பார்த்திருக்க மாட்டாய்.

உன் அண்ணன் வண்டி ஓட்டுவதை நிறுத்திவிட்டார். நீ எனக்கு எழுதியது முந்தி வந்துவிட்டது. பள்ளிக்கு நீ எழுதியது, அவர் போன் செய்து "நாளையிலேருந்து வேற ஆளப் பாத்துக்குங்க" என்று சொன்னதற்கு மறுநாள்தான் அங்கே போய்ச் சேர்ந்தது. தலைமையாசிரியை எங்கள் இருவரையும் கூப்பிட்டுக் காட்டினார். உன் அண்ணன் அதை முகத்துக்கு நேராகப் பிடித்து முழுவதும் படித்தார். "என் தங்கச்சிதான். எழுதினது எல்லாம் நெசம்" என்று சொல்லி மடித்துக் கொடுத்தார். திரும்பி வரும் வழியில் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டவும் இல்லை.

எனக்கு உன்மேல் கோபம் இருக்கிறது. நீ செய்தது சரி என்று தெரிந்தும் இருக்கிறது. போகட்டும் என்று எழுத எனக்கு வரவில்லை, எழுதினால் பொய்யாகிவிடும். பெரியவளிடம் நானே சொல்லிவிட்டேன். நீ அவளுக்குச் செய்கிறேன் என்றதை மறுக்கப்போவதில்லை. கடைக்கு வருவதைப் பற்றி அவர்தான் சொல்ல வேண்டும்.

அண்ணனிடம் எப்படிச் சொல்லப்போகிறீர்கள் என்று கேட்டிருந்தாய். சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம். கடைசிக்கு முந்தின நிறுத்தத்தில் ஒரு பெண் குழந்தை இறங்குவாள், உன் பாப்பா வயதுதான் இருக்கும். இறக்கிவிட்டேன். வீட்டுப் பக்கம் ஓடினாள். நான் ஏறிக் கதவைச் சாத்தி, "காலி, போலாம்" என்றேன். நான்தான் சொன்னேன், அதை நீ குறித்துக்கொள். அவள் கையில் அன்று வரைந்த படம் ஒன்று இருந்தது. காற்றில் அது பறந்து வண்டிக்கு முன்னால் விழுந்திருக்கிறது. எடுக்கத் திரும்பி வந்து இடது சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்திருக்கிறாள். வண்டி நகர்ந்துவிட்டது. கண்ணாடிக்குக் கீழே ரிப்பன் நுனி மட்டும் தெரிந்தது எனக்கு.

"நிறுத்துங்க!"

நிறுத்திவிட்டார். வண்டி குலுங்கி நின்றது. அவள் நிமிர்ந்து, படத்தை உதறி, எனக்குக் கையாட்டிவிட்டு ஓடிப்போனாள்.

"என்ன?" என்றார்.

"நாய்" என்றேன்.

"சனியனுங்க, குறுக்கயும் நெடுக்கயும்" என்று சொல்லிவிட்டு ஓட்டினார்.

வீட்டுக்கு வந்தால் உன் கடிதம் கிடந்தது. படித்தேன். அவருக்குச் சாப்பாடு போட்டேன். பாதிச் சாப்பாட்டில் அவர் என்னமோ டயரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நான், "சாயங்காலம் குறுக்க வந்தது நாய் இல்லைங்க" என்றேன்.

"பின்ன?"

சொன்னேன். எந்தக் குழந்தை என்பதையும் சொன்னேன். நீ எழுதிப் போட்டதையும் சொன்னேன்.

அவர் எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்து அதே இடத்தில் உட்கார்ந்தார். கத்துவார் என்று நினைத்தேன். உன்னைத் திட்டினால் என்ன சொல்வது, என்னைத் திட்டினால் என்ன சொல்வது என்று எல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவர் தலையை இப்படியும் அப்படியும் திருப்பி, என் முகம் இருக்கும் இடத்தைப் பிடித்தார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளைப் பார்க்கவே அவருக்கு இப்போது அவ்வளவு தேட வேண்டியிருக்கிறது. பிடித்துக்கொண்டு, குழந்தையிடம் கேட்கிற மாதிரி ரொம்ப மெதுவாகக் கேட்டார்:

"அப்போ, இதுக்கு முன்னாடி நீ சொன்ன நாயெல்லாம்?"

நான் என் தட்டிலிருந்த சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். அவர் காத்துக்கொண்டே இருந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்து போய்ப் படுத்துவிட்டார்.

எத்தனை என்று அவரிடம் நான் சொல்லவில்லை. உன்னிடமும் சொல்ல மாட்டேன்.

அண்ணி